ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி

நடுத்துளை பெரிது.
அமெரிக்கத் தட்டுகளுக்கு அப்படித்தானாம்.
பழைய செருப்பின் குதியில் வட்டமாய் ஒரு துண்டு வெட்டி
ஆணியால் நடுவில் குத்தி
அடைத்தேன்.
ஊசி துள்ளாதிருக்க அதன் தலையில்
ஓர் இரண்டு ரூபாய்க் குத்தி.

டச்பார் வீட்டை விற்று மெல்பேர்ண் போகிற
டெரன்ஸ் ஒக்கர்ஸ்
சாமான்களைக் கிலோக்கணக்கில் நிறுத்துத் தந்தார்:
கொம்பு ஸ்பீக்கர் இரண்டு, எரிந்த அம்பிளிபயர் ஒன்று,
ஒரு கட்டு பைலா, ஒரு கட்டு கிறிஸ்மஸ் கீதம்.
இரண்டு கீதங்களுக்கிடையில் ஒட்டிக்கொண்டு
இது.

உறையில் பாதி உயரத்துக்குச் சேற்றுக் கோடு.
எழுபத்தெட்டுச் சூறாவளி
வீட்டுக்குள் வந்து அளந்துவிட்டுப் போனது.
கோட்டுக்கு மேலே நான்கு பொடியன்மார்
சலவைக்கடைச் சுவரில் சாய்ந்து
யாரையோ முறைக்கிறார்கள்.
கோட்டுக்குக் கீழே
அவர்களுக்குக் கால்கள் இல்லை.

குழுவின் பெயரில் கடைசி மூன்றெழுத்துத்தான் மிச்சம்.
ஊர் ஒஹையோ. வருடம் எழுபத்தேழு.
மற்றதைக் கறையான் வாசித்துவிட்டது.
உள்ளே நாலாய் மடித்த ஒரு துண்டு,
பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து பழக்கிய
ஏதோவொரு பாதருக்கு மருமகன் எழுதியது:
மாமா, ட்ரம் அடிப்பது நான்.
அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்.

பாதர் கேட்டாரா?
கேட்டுவிட்டு யன்னலைச் சாத்தினாரா?
ஒக்கர்ஸ் வீட்டுக்கு இது எப்படி வந்தது?
டெரன்ஸுக்குத் தெரியாது. அவருக்கு விசா அவசரம்.

தட்டுக் கிறுகுது.
கொஞ்ச நேரம் மண்ணெண்ணெய் அடுப்புப் போல இரைச்சல்.
பிறகு ஒரு குரல் எண்ணுகிறது, ஒன்று, இரண்டு,
மூன்றிலேயே பாய்ந்துவிட்டான் மருமகன்.
நான்குக்கு அவன் நிற்கவில்லை.
மற்ற மூவரும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி
பின்னால் ஓடி ஓடி ஏறுகிறார்கள்.

பாடுகிறவன் சத்தம்தான் போடுகிறான்.
ஒரே ஒரு சொல் பிடிபட்டது: வாடகை.
திரும்பவும், வாடகை.
என் கடைப் பலகையிலும் அதுதான் பெரிய எழுத்தில்.
அதற்குமேல் விளங்க வேண்டியிருக்கவில்லை.

“என்னக்கா இது, ஸ்பீக்கர் பழுதா,
பாட்டே இப்பிடியா?”
றிம்ஸான் சோல்டரிங் கம்பியோடு வந்து நிற்கிறான்.
காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருகிறவன்,
பழுதுகளை மணத்தில் கண்டுபிடிப்பவன்.
முடிந்துவிட்டது.
“மறுகா ஒருக்காப் போடுங்க” என்றான்.

மறுகா, மறுகா.
ஒவ்வொரு முறையும் மூன்றில் பாய்கிறான்.
பிழை என்று யாரும் நிறுத்தவில்லை.
அதையே அச்சடித்து
கடல் தாண்டித் தபாலிலும் போட்டிருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில், விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள்,
முந்தி அடிக்கிறாய் என்று
என் தோளிலிருந்து ட்ரம்மைக் கழற்றினா றீச்சர்.
வாரின் அடையாளம் அன்று பின்னேரம் வரைக்கும் இருந்தது.
நான் இதைப் பற்றி நினைத்தே
இருபத்தாறு வருடம்.

நாவற்குடாக் கல்யாண வீட்டுக்குக் கொம்புகளைச் சோதிக்கவேண்டும்.
ஹலோ ஹலோ என்று தொடங்குகிறவன் றிம்ஸான்,
இன்றைக்கு என்னைக் கேளாமலே
வயரை இதில் கொழுவிவிட்டான்.

வாவிப் பக்கம் கொக்குகள் எழும்பின.
ஓட்டோ ஒன்று பிறேக் பிடித்தது.
எதிர்வீட்டுக் கேதீஸ்வரியக்கா
நைட்டிக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு
படலையடிக்கு ஓடிவந்தா:
“கறன்ட் கம்பி அறுந்து விழுந்திட்டோ?”

அதற்குள் பாட்டு முடிந்து
ஊசி வெற்றுக்கோட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.
அந்த வழுவழுப்பில் ஏதோ கீறல்.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
கீறல் இல்லை, கையெழுத்து.
ஆணியால்தான் எழுதியிருக்க வேண்டும்:
பக்கத்து வீட்டாரே, மன்னிக்கவும்.

தமிழில் சத்தமாய் வாசித்தேன்.
கேதீஸ்வரியக்கா கொஞ்சநேரம் பேசவில்லை.
துவாயைச் சரிசெய்தா. ஸ்பீக்கரைப் பார்த்தா.
“மற்றப் பக்கம் என்ன கிடக்கு?” என்றா.

குத்தியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு
தட்டைப் பிரட்டினேன்.