ஐந்து பல் சாவி

லஸ் முனையில், மெட்ரோவுக்கு அடித்த
தகரத்தை ஒட்டி என் பெட்டி.
அரம், மெழுகு, கம்பி வளையத்தில்
இருநூற்றுச் சொச்சம் வெட்டாத சாவிகள்.

லஸ் என்றால் வெளிச்சமாம்.
புயலில் திசை தப்பிய கப்பலுக்குக்
கரையில் ஒரு விளக்கு தெரிந்ததாம்.
அது மறைந்த இடத்தில் கோயில் கட்டினார்களாம்.
அப்போது இங்கே காடு.
காட்டுக்கோயில் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள்.
எனக்கு ராத்திரி எட்டுக்கு மேல்
பக்கத்துச் செருப்புக் கடை ட்யூப்லைட்தான் வழிகாட்டி.

செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில்.
சாந்தோமிலிருந்து ஆள் வந்தது.
பெரிய கோயிலின் வெள்ளைக் கோபுரம் தாண்டி
சந்துக்குள், கடலுக்கு முதுகு காட்டி
சின்னதாய் ஒரு கோயில்.
கோயில்பிள்ளை சந்தியாகு வாசலிலேயே நின்றார்.
"அலமாரி தெறக்கணும் பக்கிரி.
ஃபாதர் புதுசு. கணக்குக் கேக்கறார்."

தரையெல்லாம் கல்லறைக் கல்.
மிதிக்காதே என்று யாரும் சொல்லவில்லை,
செருப்பை நானே கையில் எடுத்துக்கொண்டேன்.
ஒரு பாய்மரம், ஒரு மண்டையோடு,
பாதிப் பெயர்.
மீதியை முழங்காலும் பாதமும் தின்றுவிட்டன.

பூட்டு உப்புக்காற்றைக் குடித்துக் குடித்து
உள்ளுக்குள் கல்லாகியிருந்தது.
தேங்காயெண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.
சந்தியாகுவுக்குப் பேச்சு வேண்டும்.
"அலமாரி அவங்க வார்த்தை, தெரியுமா?
மேசை, ஜன்னல், ஏலம், பாதிரி...
உன் சாவிகூடக் கப்பல்ல வந்ததுதான்.
என் பேரு மட்டும் என்ன?"
"பூட்டு?"
"பூட்டு நம்மளது."

அரத்தை நிறுத்தினேன்.
பூட்டிவிட்டு, கப்பல் வரட்டும் என்று
வாசலில் உட்கார்ந்திருந்தோமா?
"இல்லப்பா, திறவுகோல்னு இருந்துச்சு.
இப்ப ராயப்பர் கையில மட்டும்தான் மிச்சம்.
பரலோகத்தின் திறவுகோல்.
சாவின்னு சொல்லிப் பாரு,
பரலோகம் சைக்கிளாயிடும்."

முக்கால் மணி நேரம் கழித்து
ஒரு இருமல்போலத் திறந்தது.
கரையான் தின்ற ஞானஸ்நானப் பதிவேடு,
உருகி ஒட்டிய மெழுகுத் துண்டுகள்,
சம்மனசின் ஒற்றை இறக்கை, மரத்தில்.
ஃபாதர் கேட்ட கணக்கு எதுவும் இல்லை.
கீழ்த்தட்டில் பழம்புடவைக் கிழிசலில் சுற்றி
முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி.
ஐந்து பல்.
இரும்பு; ஆனால் பிடியில்
யாரோ கட்டைவிரல் வைத்து வைத்து
வழுவழுப்பாக்கிய பள்ளம்.
என் விரல் அதில் சரியாக உட்கார்ந்தது.
எனக்கு அது பிடிக்கவில்லை.

"எந்தக் கதவுக்கு?"
சந்தியாகு ஜன்னலைக் காட்டினார்.
ஜன்னலில் கடல் மட்டும் இருந்தது.
"மொதக் கோயில் அங்கதான்னு எங்கப்பா சொல்வார்.
அலை எடுத்துக்கிச்சாம்."
கபாலியும் ஒருகாலம் கரையில்தான் இருந்தார் என்பார்கள்.
கடல் தள்ளியதா, ஆள் தள்ளினார்களா,
மாடவீதியில் ஆளுக்கொரு கதை.
நொச்சிக்குப்பத்து வடிவுக்கரசி,
எனக்குச் சங்கரா மீன் கொடுப்பவள், சொல்வாள்:
கோபுரமும் லைட் ஹவுசும் ஒரே கோட்டில் வரும்போது
அவள் புருஷன் வலை போடமாட்டான்.
அங்கே கிழியும்.
பாறையாக இருக்கலாம்.

முந்நூற்றைம்பது கேட்டேன்.
முந்நூறும் இரண்டு ரஸ்தாளிப் பழமும் தந்தார்.
கிளம்பும்போது மெல்லக் கூப்பிட்டார்,
சாவி இன்னும் அவர் மடியில்.

"இதுக்கு ஒரு டூப்ளிகேட் போட முடியுமா?"

"கதவே இல்லியே சாமி."

"அதான்.
தொலைஞ்சிடுச்சுன்னா
என்ன பண்றது?"