தோளில் ஐந்நூறு ரூபாய்

சர்பத் என்று பெயர் வைத்தது ஜெமிலா.
நன்னாரி நிறம்.
நெற்றியில் பொட்டில்லை, காலில் வெண்மையில்லை.
சுழி பார்ப்பவர்கள் மூன்று சுற்று வந்தும்
குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல்
வாயை மூடிக்கொண்டு விலை கேட்ட குதிரை.

வைகாசியில் மட்டும் பதினோரு மாப்பிள்ளைகள்.
கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்,
புதுவயலில் ஒரே நாளில் காலை ஒருவர், மாலை ஒருவர்.
எல்லோருக்கும் ஒரே வெல்வெட் போர்வைதான்:
கருஞ்சிவப்பு, ஓரமெல்லாம் ஜரிகை,
உள்பக்கம் சணல்.
உள்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?
நானே பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு
வலது தோளில் பிரஷ் தயங்கி நின்றது.
உள்ளங்கை அகலத்துக்கு முடி உடைந்து,
பெஞ்சில் தேய்ந்து தேய்ந்து
பளபளத்துப்போன பள்ளிக்கூட டிரவுசர் மாதிரி.
நெஞ்சோரம் கொக்கி உட்கார்ந்த இடம்
இன்னும் ஆழமாகச் சிவந்திருந்தது.
தொட்டேன்.
ஈயை விரட்டும் அதே சிலிர்ப்பில்
என் விரலை விரட்டியது தோல்.

டாக்டர் உமையாள் ஸ்கூட்டரை நிறுத்தாமலே
பாதியைப் பார்த்துவிட்டார்.
"வேர்வையோடவே போர்த்துனீங்களா?
ஊர்வலம் முடிஞ்சு எப்ப எடுத்தீங்க?"

எப்படிச் சொல்வது.
நான் பந்தியில் கவுனி அரிசியை
இரண்டாம் முறை கேட்டு வாங்கிய நேரமெல்லாம்
அது தென்னையடியில்
போர்வையோடு நின்றுகொண்டிருந்ததை.

"உப்பைக் கழுவுங்க. துடைச்சுக் காயவிடுங்க.
தேங்காயெண்ணெய் தொட்டும் தொடாம.
முடி வர்ற வரைக்கும் தோள்ல ஒண்ணும் படக்கூடாது.
முன்வாருக்குள்ள மூடின கை தாராளமாப் போய் வரணும்.
இது இன்னும் புண்ணில்லை."
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"புண்ணாக ஒரு கல்யாணம் பாக்கி."

அன்றிரவு ஜெமிலா துணிமூட்டையை அவிழ்த்து
ஒவ்வொன்றாகத் தன் முழங்கையின் உள்பக்கம் தேய்த்துப் பார்த்தாள்.
சணல் பிராண்டியது.
கண்டாங்கி மெத்தென்று இருந்தும் பிடித்தது.
"பருத்தி விடாது, முடியைக் கவ்வும்."
கடைசியில் நிக்காஹுக்குத் தைத்த சாட்டின் பாவாடை.
தேய்த்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று.
ஒன்றும் பேசாமல் கத்தரியை எடுத்தாள்.
பிறகு பேசினாள்:
"எப்படியும் இனிமே இது எனக்கு ஏறாது."

வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக்கொடுக்க
நானே போனேன் கோட்டையூருக்கு.
பெரியவருக்குக் கோபம்.
"சேணம் போடலாமாம், போர்வை ஆகாதாமா?
ஆல்பத்துல மொட்டைக் குதிரையா நிக்கும்?"

சிங்கப்பூரிலிருந்து வந்த சாத்தப்பன்
ஷெர்வானி அளவு பார்த்துக்கொண்டிருந்தார்,
கண்ணாடிமுன் கழுத்தை நீட்டி நீட்டி.
காலர் விளிம்பு அறுத்த கோடு
காதுக்குக் கீழே சிவப்பாக.
"அதுக்கும் இந்த மாதிரிதானா?" என்று கேட்டார்.
"இந்த மாதிரிதான். அது சொல்லாது, அவ்வளவுதான்."

போர்வை இல்லாமலே போனது ஊர்வலம்.
நாயனத்துக்கு நடுவே கல்யாண வீட்டு வாசலில்,
இறங்கிய மாப்பிள்ளை என் பக்கம் குனிந்தார்.
சர்பத்துக்குக் கொண்டுவந்த எண்ணெய்க் குப்பி
மடியில்தான் இருந்தது.
ஒரு சொட்டு அவருக்கு.

ஆவணிக்குள் தோள் நிறைந்துவிட்டது,
நன்னாரி நிறத்திலேயே.
கொக்கி உட்கார்ந்த இடத்தில் மட்டும்
எட்டணா அகலத்துக்கு வெள்ளை.
அது மாறாதாம், டாக்டர் சொன்னார்.

அடுத்த பார்ட்டி தேவகோட்டை.
சுற்றிவந்தவர் விரலை நீட்டினார்:
"இதென்ன, மறுவா? ஐந்நூறு குறைச்சுக்குங்க."

குறைத்துக்கொண்டேன்.

ஊர்வலம் முடிந்ததும் கொக்கியைத்தான் முதலில் கழற்றினேன்.
சாட்டின் உள்பக்கம் ஈரம், ஒரு முடி ஒட்டவில்லை.
கழுவி, துடைத்து, காற்றில் நிறுத்தி,
பந்திக்குப் போனபோது
இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.