நாற்பத்தாறு கிலோ

எடைக்கற்களுக்கு முத்திரை குத்தியவன் நான்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இப்போது
மெஷினுக்கு முன்னும் பின்னும்
என்னை நிறுக்கிறார்கள்.

"ஆல்புமின் ரெண்டு புள்ளி எட்டு.
முட்டை தொடமாட்டீங்கன்னா, உடம்பு
தன் சதையையே தின்னும் அய்யா," என்றாள்
டயட்டீஷியன் பெண்.
எழுபத்தொரு வருஷச் சைவம்;
எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டில் சொதி நின்றுபோய் மாதங்கள்.
காயை வேகவைத்து வடித்துக் கொட்டி
சக்கையைப் பரிமாறுகிறாள் கோமு.
ரசமும் தண்ணீர்க் கணக்கில்.
கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் ஏறினால்
ஆற்றுப் பக்கம் பார்க்கமாட்டேன்.

வியாழக்கிழமை, அடுத்த கட்டில் பீர்முகம்மது
ரெண்டு முட்டை உரித்தார்.
மஞ்சளை எடுத்துவிட்டு
ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.
கோமு சுவரைப் பார்த்து நின்றாள்.

திரும்பும்போது, பாலத்தில், கேட்டாள்:
"அத எத்தன நிமிசம் அவிக்கணுமாம்?"