ஏழாம் நிரல்

அல்மாட்டியில் பிப்ரவரி.
மலையைப் புகை தின்றுவிட்ட காலை.
டிராலிபஸ்ஸில் ஆளுக்கொரு இருமல்,
நடத்துநருக்கு மட்டும் இரண்டு.

சந்தை வாசலில் நாகிமா
அடிரஸ்பான் கட்டுகளைத்
தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாள்.
வறண்ட வெளியில் முளைக்கிற செடி.
காய்ந்த காய்களைக் குலுக்கினால்
சில்லறை ஒலிக்கும்.
இதைக் கொளுத்தி அறைக்கு அறை காட்டாத வீடு
எங்கள் குடியிருப்பில் இல்லை,
என் வீடு உட்பட.
"எத்தனை கட்டு?" என்றாள்.
"நாற்பது கிராம்" என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கடை உலர்மீன்காரி திரும்பிப் பார்த்தாள்.

அரைத்தேன். எழுபது சத எத்தனாலில் மூன்று இரவு.
வடிகட்டி, சுழற்றி, வற்றவைத்து
மிஞ்சியது கரண்டி முனையில் ஒட்டும் பழுப்புப் பிசின்.
சீசாவில் எழுதினேன்: பதினேழு.
இதற்கு முன் பதினாறு செடிகள்
பேர் இழந்து எண்ணாகி
எதுவும் செய்யாமல் போயின.
(பதினொன்று மட்டும் குளிர்பெட்டியை
ஒரு மாதம் கற்பூரமாய் மணக்கவைத்தது.)

செல்கள் ஒரு நாயுடையவை.
அறுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது,
எந்தக் கண்டத்திலோ ஒரு பெட்டை நாய் செத்து
அதன் சிறுநீரகம் மட்டும் சாக மறந்தது.
இன்றைக்கும் முப்பத்தேழு டிகிரியில்
இளஞ்சிவப்புத் திரவம் குடித்துக்
குடுவையின் அடியில் பாயாய்ப் படர்கிறது.
காய்ச்சல் எங்களுடையது.
நோகிற உடம்பு அதனுடையது.
திங்கள்தோறும் மூடியைத் திறக்கும்போது
"வா குட்டி" என்பேன்,
அறையில் யாரும் இல்லையென்றால்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
மேலிருந்து கீழே சாறு பாதி பாதியாய்க் குறையும்.
முதல் ஆறு நிரலில் சாறும் வைரஸும்.
ஏழில் சாறு மட்டும்.
பன்னிரண்டில் ஒன்றுமில்லை,
நாயின் நிம்மதி.

மூன்று நாள் கழித்துச் சாயம் ஊற்றிக்
குழாய்த் தண்ணீரில் அலசினேன்.
உயிரோடு இருப்பது கத்தரிப்பூ நிறம் பிடிக்கும்,
செத்தது கண்ணாடி.
மூன்றாம் வரிசை, வெளிறிய கத்தரிப்பூ.
நான்காம் வரிசை, முழுக் கத்தரிப்பூ!
அதற்குக் கீழே எல்லாம் வைரஸ் மேய்ந்த தரை.
பதினேழு பேசிவிட்டது.
எர்ஜிகித்தைக் கூப்பிட்டேன்.
வாயில் ரொட்டியோடு ஓடிவந்தான்.
படம் எடுத்தான். மறுபடி எடுத்தான்.
மார்ச்சுக்குள் நிதிக்காரர்களுக்கு அறிக்கை போகவேண்டும்.

பிறகுதான் ஏழாம் நிரலைப் பார்த்தோம்.
வைரஸே நுழையாத இடம்.
முதல் குழி கண்ணாடி. இரண்டாவதும் கண்ணாடி.
மூன்றாவது, துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை.
விருந்தாளி வருமுன்பே
வீட்டுக்காரர்கள் செத்துக்கிடந்த வீடு.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள்.
அளவு எங்கே முடிகிறது என்று
யாரும் விரல் வைத்துக் காட்டியதில்லை.
இதோ, நான்காம் குழி.
ஒரு பட்டாணி அகலம்.
மேலே போனால் விஷம்,
கீழே போனால் வெறும் நிறத் தண்ணீர்.

"இடது பாதியை மட்டும் வெட்டி வைத்தால்?"
என்றான் எர்ஜிகித்,
கேள்வியாய்த்தான்,
சட்டையிலிருந்து ரொட்டித் துகளைத் தட்டிக்கொண்டே.
நான் தட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
அவன் நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை.
அப்புறம் குழிகளை எண்ணத் தொடங்கினான், உரக்க,
ஏழிலிருந்து.

மாலை நாகிமா கடையை மூடிக்கொண்டிருந்தாள்.
"உன் நாற்பது கிராம் என்ன சொல்லுது?"
"கொஞ்சம்."
"கொஞ்சம்னா?"
"ஒரு குழி."
தலையாட்டினாள், புரிந்ததுபோல.
மீன்காரிதான் கேட்டாள்,
"அப்போ கொளுத்தலாமா, கூடாதா?"
பஸ் வந்துவிட்டது.

எங்கள் மாடியில் யாரோ கொளுத்தியிருக்கிறார்கள்.
படிக்கட்டு முழுக்க அந்தப் புகை,
எந்த வரிசையில் வைப்பதென்று தெரியாத புகை.
உள்ளே போனதும் ஜன்னலைத் திறக்கக் கை நீட்டினேன்.
அடுத்த அறையில் அல்டியார் தும்மினான்.
பாதி திறந்து
நிறுத்திவிட்டேன்.