ஒன்பதாம் எண் பெஞ்சு

கோடைக்குள் பதினோரு பெஞ்சுகள் என்றது ஊராட்சி.
லார்ச் பலகை, இரும்புக் கால், காலுக்கு இரண்டு போல்ட்.
எங்கே நடுவதென்று வரைபடத்தில்
சிவப்புப் புள்ளி வைத்துத் தந்தாள் அலுவலகத்துப் பெண்.
எந்தப் பக்கம் பார்த்து என்பது அதில் இல்லை.
அதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்திருப்பாள்.
ஸ்லோவேனியாவின் இந்த மூலையில்
பார்ப்பதற்கென்று வருகிறவர்கள் பார்ப்பது
ஓர் ஏரியை,
அதில் தலைகீழாக நிற்கும் மூன்று மலைகளை.

முதல் எட்டும் சொன்னபடி கேட்டன.
அருவிக்கு ஒன்று. படகுத்துறைக்கு இரண்டு.
தேவாலயக் கோபுரம் தண்ணீரில் நெளிவதை
மடியில் சாண்ட்விச்சோடு படமெடுக்க
வாகாக ஒன்று.
மற்றவை நினைவில்லை.

ஒன்பதாவதற்குக் குழி தோண்டுகையில்
மஞ்சள் மொபெட்டை நிறுத்தினாள் தோன்ச்கா.
இருபத்தாறு வருடமாக ஏரியைச் சுற்றிச் சுற்றித்
தபால் கொடுப்பவள்.
"இதை அந்தப் பக்கம் திருப்பி வையேன், ஓஸ்பால்ட்.
பதினொரு மணிக்குத் தண்ணீர் கண்ணைக் குத்துகிறது.
காற்று வேறு நேரே நெஞ்சில்.
முதுகில் அடித்துவிட்டுப் போகட்டும்."

திருப்பினேன்.
அவ்வளவுதான் நடந்தது.

அந்தப் பெஞ்சு பார்த்தது இவற்றை:
ரெஸெக்கின் வைக்கோல் சட்டம், பாதி காலி.
மழைநீர் தேங்கிய டிராக்டர் டயர்.
வேலிக் கம்பத்தில் கழுத்தைச் சொறிந்துகொள்ளும் பழுப்புப் பசு,
காதில் மஞ்சள் அட்டை.
தோன்ச்கா ஹெல்மெட்டைக் கழற்றி
என் போல்ட்டின் தலையில் முட்டையை உடைப்பாள்.
யாருக்கு என்ன கடிதம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
யார் வீட்டு நாய் துரத்தியது என்று மட்டும் சொல்வாள்.

ஜூலையில் ஒரு டச்சுத் தம்பதியிடமிருந்து புகார்:
ஒன்பதாவதில் ஒன்றுமே தெரியவில்லை.
ஊராட்சி என்னை ஸ்பானரோடு அனுப்பியது.
போனேன். ஸ்பானரை எடுக்கவில்லை.
ஆகஸ்டில் யாரோ
பசுவைப் படமெடுத்து உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள்.
அடுத்த ஞாயிறு ஏழு பேர் வரிசையில்.
பசு எத்தனை மணிக்கு வரும் என்கிறார்கள்.
ரெஸெக் அதற்கு மணி வாங்கிக் கட்டினான்,
மோருக்கு இரண்டு யூரோ வைத்தான்.
புதிய கையேட்டில் ஒன்பதாம் இடத்துக்குப் பெயரும் வந்துவிட்டது:
'ஏரிக்கு முதுகு'.

இப்போது பதினொரு மணிக்குத் தோன்ச்கா
மொபெட்டில் சாய்ந்து நின்றபடி முட்டை உரிக்கிறாள்,
ஏரியைப் பார்த்து,
கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

பதினோராவது பெஞ்சு இன்னும் என் கொட்டகையில்.
அதற்கான சிவப்புப் புள்ளி மலையுச்சிப் பாதையில் இருக்கிறது,
இருக்கட்டும்.
பெட்ரோல் பங்குக்குப் பின்னால்,
காலி சிலிண்டர்கள் அடுக்கிய சுவருக்கும் ஓடைக்கும் நடுவே
நேற்று இருட்டியபின் நான்கு குழி தோண்டினேன்.
அங்கிருந்து ஏரி தெரியாது. மலை தெரியாது.
மாடும் வராது.

போல்ட்டை முழுக்க முறுக்கப்போவதில்லை.
எந்தப் பக்கம் என்று
அவள் வந்து சொல்லட்டும்.