நீடாமங்கலம் கேட்

கேட் மூடி இருபது நிமிடம்.
ஏசி ஓடுகிறது, எனக்கு மட்டும் சட்டை நனைகிறது.
சிவப்பு விளக்கு ஒன்றுதான்,
இரண்டாய்த் தெரிந்தது.

சாயங்காலம் ஊசி போட்டுக்கொண்டேன்.
தட்டில் இட்லி விழும்போது போன்:
ஏர்போர்ட் சவாரி, உடனே வா.
வந்துவிட்டேன். இட்லி வீட்டில்.

ஓரங்கட்டிச் சாவியை உருவினேன்.
விரல் நுனியில் ஒரு சொட்டு.
ஐம்பத்தெட்டு.

குளுக்கோஸ் டப்பாவில்
டோல் ரசீதும் ஒரு ஸ்பூனும்.
போன மாதம் பாபநாசத்தில் தீர்ந்தது,
வாங்காமல் விட்டது நான்தான்.

"கேட் திறந்துடுச்சேண்ணே!"
ஜபருல்லா பாய்க்குக் குவைத் விமானம்.
நெல் லாரிகள் ஹாரனால் எங்களைத் திட்டிக்கொண்டே போயின.

சொன்னேன்.
பதினொரு வருடம் ஸ்டாண்டில் யாரிடமும் சொல்லாததை.
சர்க்கரை இறங்கிடுச்சு பாய்,
இப்ப எடுத்தா
ரோடு எது கோரையாறு எதுன்னு எனக்குத் தெரியாது.

பாய் கடிகாரத்தைப் பார்த்தார்.
அவர் மனைவி, பிள்ளை கையிலிருந்த ஃப்ரூட்டியைப் பிடுங்கி நீட்டினார்.
பாதி குடித்தது. ஸ்ட்ராவில் பல் தடம்.
நஸீஹா அழ அழ உறிஞ்சி முடித்தேன்.

குவைத்துக்குக் கட்டிய தம்ரூட் பெட்டியின்
கயிற்றை அறுத்தார் பாய்.

அதற்குள் மறுபடி கேட் விழுந்தது.
சரக்கு ரயில்.
பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்திரண்டு வரை
தடுமாறவில்லை.
ஆனாலும் எண்ணிக்கையை நம்பாமல்
இன்னொரு விரல்:
நூற்றுப் பன்னிரண்டு.

வல்லத்தில் அவளுக்கு இரண்டு ஃப்ரூட்டி வாங்கினேன்,
டப்பாவுக்கு நான்கு.
தன்னுடையதை மடியில் ஒளித்துக்கொண்டு
திருச்சி வரைக்கும்
கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.