மூலைத் துணி

பொதட்டூர்பேட்டையில் சென்ட்ரிங் தகடு பற்றாமல்
நகரியிலிருந்து வந்தன பதினெட்டு.
கூடவே வந்தார் மேஸ்திரி முனிரத்தினம்,
தெலுங்கில் எண்ணி
தமிழில் திட்டுகிறவர்.

ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றிய நாளிலிருந்து
தார்ப்பாய்க்குள் கிடந்தது தறி.
சுற்றிலும் முட்டுக் கழிகள்.

காலை ஆறரைக்குக் கலவை மெஷின் உறுமியது.
மூட்டைக்கு ஒரு கோடு
சுவரில் கரித்துண்டால் நான் போட,
முப்பத்தொன்றாம் கோட்டில்
நகரி மலை மூக்கு கறுத்தது.
"வான" என்றார் அவர்.
நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன்.
அவர் சொன்னது மழையை.
அதற்குள் முதல் துளி
என் நெற்றியில்.

தறிமேல் இருந்த தார்ப்பாயை உருவினோம்.
முக்கால் கூரைக்குத்தான் வந்தது.
மிச்ச மூலைக்கு
முதலாளி பாவில் நெய்த காடா,
முப்பத்தாறு மீட்டர்,
வியாழக்கிழமை கொடுக்க வேண்டியது.
நாத்தனார் கோகிலவாணி
பீஸைத் தோளில் போட்டுச் சாரத்தில் ஏறியபோது
யாரும் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் உரித்தால்
சிமெண்டில் ஊடும் பாவும் அப்படியே,
ஓரிடத்தில் இழை அறுந்திருந்ததுகூட.
"மேல தட்டோடு பதிச்சா மறைஞ்சிடும்மா."

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி
இன்று பதினோராம் நாள்.
பிடித்தம் போகக் கூலி நானூற்று இருபது.
சேலையைச் செருகிக்கொண்டு
சாயங்காலம் ஏறி
அந்த மூலையில் காலால் தடவுகிறேன்.
தண்ணீருக்கடியில்
அறுந்த இடம் தட்டுப்படுகிறது.

தட்டோடு வாங்க
எப்படியும் அடுத்த தைக்கு மேல் ஆகும்.